காரணம்: காட்டுப்பன்றித் தொல்லை

சந்தையில் சுட்டவனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள், விளக்கு வைக்கும் நேரத்தில், அந்தப் பத்து வெடியும் பூவரசங்குறிச்சியில் மறுபடி கேட்டன. சந்தை மைதானத்தில் ஈ காக்கை இல்லை, சுட்டவன் சிறையில் இருக்கிறான், அவன் துப்பாக்கி சீல் வைத்த சாக்குக்குள் கிடக்கிறது, ஆனாலும் ஊருக்குள் எங்கே நின்று கேட்டாலும் அடுத்த அறையில் சுடுகிற மாதிரியே கேட்டது. முதல் இரண்டும் ஒட்டினாற்போல விழும், ஓர் ஆடு கத்தும், பிறகு மூன்று விழும், யாரோ தராசுத் தட்டைக் கீழே போடுவார்கள், ஆறாவது தனியாக விழும், அதற்கும் ஏழாவதுக்கும் நடுவில் ஓர் ஆண்குரல் "செருப்ப விடுட்டி, ஓடு" என்று சொல்லும், அப்புறம் மிச்சம் நாலும் விழுந்து தீரும். மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது.

முதல் வாரம் எல்லோரும் தெருவுக்கு ஓடிவந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பட்டணத்திலிருந்து ஒரு குழு வந்து, கம்பி நீட்டிய பெட்டிகளை வீடு வீடாக வைத்துப் பார்த்து, பெட்டியில் ஒன்றும் பதியவில்லை, ஆகவே சத்தம் என்று ஒன்று இல்லை என எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் சத்தத்துக்கு முன்பே பஸ் ஏறிப் போனது. அம்மன் கோயிலில் சாந்தி பூஜை செய்தார்கள், மாதா கோயிலில் ஜெபம் நடந்தது, பள்ளிவாசலில் துஆ ஓதினார்கள். சத்தம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் நேரத்துக்கு வந்தது. அதன்பிறகு ஊர் பழகிக்கொண்டது. பெண்கள் குக்கரைச் சத்தத்துக்கு முன்னால் இறக்கினார்கள், பால்காரர் சத்தத்துக்கு முன்னால் மாட்டைக் கறந்து முடித்தார், ஏனென்றால் அதற்குப் பிறகு மாடு பால் விடாது. பிள்ளைகளை விளையாட அனுப்பும்போது ஆறு மணி ஆறரை மணி என்கிற பேச்செல்லாம் போய், சத்தத்துக்கு முன்னாடி வீடு வந்து சேர் என்றார்கள். டிவி நாடகத்தின் ஒலியைக் கூட்டி வைத்தும் பார்த்தார்கள். மாமியார் மருமகளை ஏசுகிற நல்ல கட்டத்தில் நடுவே புகுந்து அது தன் பாட்டுக்கு வந்துவிட்டுப் போகும்.

செருப்பை விடச் சொல்கிற அந்தக் குரல் உலகம்மாளின் புருஷன் ஆவுடையப்பனுடையது. அன்றைக்கு மகள் நிவேதாவுக்குச் செருப்பு வாங்கித் தர அவளைச் சந்தைக்குக் கூட்டிப்போயிருந்தார். வாங்கின இடத்திலேயே பிள்ளை அதைக் காலில் மாட்டிக்கொண்டாள். சுடத் தொடங்கியதும் இருவரும் ஓடினார்கள். ஓட்டத்தில் ஒரு செருப்பு கழன்றது. புதுசாயிற்றே என்று பிள்ளை திரும்பி எடுக்கப் போனாள். அப்போது அவர் சொன்னதுதான் அது. நிவேதா ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தாள். ஏழாவது வெடி ஆவுடையப்பனுக்கு.

ஊரே காதைப் பொத்திக்கொள்கிற அந்த நேரத்துக்காக உலகம்மாள் பகலெல்லாம் காத்திருப்பாள். அடுப்பை அணைத்து, மின்விசிறியை நிறுத்தி, கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்வாள். முதல் ஐந்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுவாள், ஆறாவதையும் தாண்டினால் அவர் வருவார், மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் எரிச்சலோடு, மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும்போது கத்துகிற அதே குரலில். வேறு எங்கும் அவர் குரல் மிச்சமில்லை. செல்போனில்கூட இல்லை, கல்யாணமான நாளிலிருந்து ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் போனில் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது. ஊர் சாபம் என்று சொன்னதை அவள் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பிள்ளைக்கு அப்படி இல்லை. சத்தத்துக்கு ரொம்ப நேரம் முன்பிருந்தே நிவேதா வெளிறிப் போவாள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் போய் ஒடுங்குவாள். ஆறாவது விழுந்ததும் கால் இரண்டையும் பாவாடைக்குள் இழுத்துக்கொள்வாள். சில நாள் பாவாடை நனைந்துவிடும். உலகம்மாள் அதைப் பேசாமல் அலசிப் போடுவாள்.

அவர்கள் கடை, ஆவுடை ஜெராக்ஸ், தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருந்தது. புருஷன் போன துக்கத்துக்கு அவள் கடையை மூடியிருந்த நாட்களிலேயே ஆட்கள் வந்து கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள், திறந்ததும் மொய்த்துக்கொண்டார்கள். மலையடிவாரத்து ஊர் என்பதால் பயிரைக் காக்க விவசாயிகளுக்குத் துப்பாக்கி உரிமம் கொடுக்கிற வழக்கம் அங்கே உண்டு. விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் காட்டுப்பன்றித் தொல்லை என்று போட்டால் மறுபேச்சு கிடையாது. இரங்கல் கூட்டத்தில் பேசிய அமைச்சர் உரிமச் சட்டத்தை இறுக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்குவதற்குள், இறுக்குவதற்கு முன்னால் வாங்கிவிடவேண்டும் என்று பாதிக் கூட்டம் எழுந்து உலகம்மாள் கடைக்கு வந்துவிட்டது. ஒரு சென்ட் நிலம் இல்லாதவனுக்கும் காட்டுப்பன்றித் தொல்லை வந்தது. இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு வந்தது, தையல் டீச்சருக்கு வந்தது, மூன்றாவது மாடியில் குடியிருந்த பல் டாக்டருக்கும் வந்தது. காட்டில் அத்தனை பன்றி நிஜமாகவே இருந்திருந்தால் புலியெல்லாம் ஊர்ப்பக்கம் குடிவந்திருக்கும்.

சுட்டவனின் விண்ணப்பமும் போன வருஷம் இதே கடையில் நகலெடுத்ததுதான். அதிலும் காட்டுப்பன்றி என்றே இருந்தது. அவனுக்கு உண்மையாகவே இரண்டு ஏக்கர் மரவள்ளி இருந்தது, உண்மையாகவே பன்றி வந்து தோண்டியது. அந்தத் தாளில் பொய் சொல்லாமல் கையெழுத்துப் போட்டவன் அவன் ஒருவன்தான்.

தாளில் எழுதுகிற காரணம் ஒன்று, நகல் எடுத்து முடியும்வரை வாயால் சொல்லுகிற காரணம் வேறு. சந்தையன்று கறிவேப்பிலை வண்டிக்கு அடியில் படுத்துத் தப்பித்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், அன்றைக்கு ஒருத்தன் கையிலாவது ஒன்று இருந்திருந்தால் கதையே வேறு என்றார், சொல்லும்போதே அந்த ஒருத்தனாகத் தானே ஆகிப்போய் நெஞ்சை நிமிர்த்தினார். இன்சூரன்ஸ் ஏஜெண்ட், ஹெட்மாஸ்டர் கோபக்காரர், அவர் கையில் ஒன்று இருக்கும்போது நம் கையில் இல்லாமல் எப்படி என்றார். தையல் டீச்சரின் வீடு இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. இன்னொருவர் தன் ஆயுசில் அதைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். பிறகு எதற்கு என்று உலகம்மாள் கேட்டதற்கு, வைத்திருக்கத்தான் என்றார். விலை ஏறப்போகிறது என்றதும் வெங்காயத்தை மூட்டையாக வாங்கிப்போடுகிறவர்கள் இதையும் அப்படியே வாங்கினார்கள். எல்லோருக்கும் பயம், அதை மட்டும் யாரும் காரணமாகச் சொல்லவில்லை. உலகம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பன்றி என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அந்த வருமானத்தில்தான் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வீட்டு அரிசியும் நடந்தன, அதை நினைக்கும்போது அவளுக்கே வாய் கசக்கும்.

துப்பாக்கி வந்த வீட்டில் சத்தம் கேட்கவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது ஹெட்மாஸ்டர் வீட்டம்மா. அவர் துப்பாக்கியைக் கொண்டுவந்து சாமி படத்துக்குக் கீழே சாத்திவைத்த அன்று சாயங்காலம் அந்த அம்மா வழக்கம்போல காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருட்டி ரொம்ப நேரமான பிறகும் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பஞ்சை எடுத்துவிட்டு, வாசலுக்குப் போய், அங்கே நின்றவர்களிடம் இன்றைக்கு வரவில்லையா என்று கேட்டாள். எல்லோருக்கும் வந்துபோயிருந்தது. மறுநாள் தெருவே அவர்கள் வீட்டுக் கூடத்தில் கூடி உட்கார்ந்தது. வெளியே நின்ற ஆட்டோக்காரன் காதைப் பொத்துவதை ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள், உள்ளே சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பெண் அந்த அமைதி தாங்காமல் விக்கி விக்கி அழுதாள்.

பிறகு கேட்கவா வேண்டும். முன்பு வேண்டாம் என்று இருந்தவர்களும் கிளம்பிவிட்டார்கள். ஊர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தது: பொம்மைத் துப்பாக்கிக்குச் சத்தம் அடங்காது, பறவை சுடுகிற காற்றுத் துப்பாக்கிக்கும் அடங்காது, நிஜத் துப்பாக்கியையே பெட்டியில் பூட்டி வைத்தால் தூரத்தில் கேட்கிற மாதிரி கேட்கும், வெளியே வைத்துத் தோட்டாவை எடுத்துவிட்டால் பாதி கேட்கும், தோட்டா போட்டு, பூட்டாமல், கையெட்டும் இடத்தில் வைத்தால்தான் வீடு கோயில் மாதிரி இருக்கும். அப்படியே வைத்தார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள், பெண் கொடுக்கிற வீட்டில் சத்தம் உண்டா என்று நாசூக்காகக் கேட்டுக்கொண்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளைச் சத்தமில்லாத சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். டியூஷன் எடுக்கிறவர் சத்தமில்லாத வகுப்பறை என்று தட்டி எழுதி வைத்தார்.

இன்னொன்றையும் ஊர் தெரிந்துகொண்டது, ஆனால் சிரித்துவிட்டு மறந்துபோனது. பல் டாக்டர் ஒருநாள் துப்பாக்கியைத் துடைக்கும்போது அது வெடித்து மேல்கூரையில் ஓட்டை விழுந்துவிட்டது. அவர் காதிலும் அது விழவில்லை, அடுப்படியில் நின்ற அவர் மனைவி காதிலும் விழவில்லை. சாம்பாரில் சுண்ணாம்பு உதிர்ந்ததைப் பார்த்துத்தான் அண்ணாந்தார்கள். துப்பாக்கி இருக்கிற வீட்டுக்குள் பழைய வெடி மட்டும் இல்லை, எந்த வெடியும் கேட்காது. சாம்பார் கதையை டாக்டரே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

ஆவுடையப்பனின் தம்பி குத்தாலிங்கம் அடுத்த தெருவில் இருந்தான். அவனுக்கும் அவன் மனைவி சொர்ணத்துக்கும் பிள்ளை இல்லை. நிவேதாதான் அவர்களுக்கு எல்லாம். அண்ணன் செத்த மாதமே துப்பாக்கி வாங்கிவிட்ட அவன், மதினிக்கும் ஒன்று வாங்கித்தருகிறேன், காசைப் பற்றிக் கவலைப்படவேண்டாம் என்று பலமுறை வந்து நின்றான். நல்ல மனசோடுதான் வந்து நின்றான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் உரிமத்துக்குத் தாள் தயார் செய்து கொடுக்கிறவள் வீட்டில் மட்டும் துப்பாக்கி இல்லை என்பதை அவன் கௌரவக் குறைச்சலாகவும் நினைத்தான். உலகம்மாள் ஒவ்வொரு முறையும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிடுவாள். அண்ணன் குரலைக் கேட்பதற்காகத்தான் அவள் துப்பாக்கி வேண்டாம் என்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

பிள்ளையிடம் மட்டும் சொல்லவேண்டி வந்தது. ஒருநாள் சத்தம் முடிந்ததும் நிவேதா சந்திலிருந்து வெளியே வராமல் அங்கிருந்தே பேசினாள்.

"அம்மா, நாமளும் ஒண்ணு வாங்கிருவோம்."

"வாங்குனா அப்பா பேசுதது கேக்காதுட்டி."

"அவரு ஒங்கிட்டயா பேசுதாரு? என்னயத்தான சொல்லுதாரு. எனக்கு வேண்டாம்."

உலகம்மாளுக்கு ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. பிள்ளை சொன்னது சரிதான், அந்தச் சொல் அவளுக்குச் சொன்னதில்லை, அவள் இடையில் நின்று ஒட்டுக்கேட்கிறவள். தான் வைத்துக் கும்பிடுவது எதுவோ அதுதான் தினமும் பிள்ளையின் பாவாடையை நனைக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் விட மனசில்லை. இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்து, அவரையும் இழக்காமல் பிள்ளையையும் வதைக்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தாள்: சத்தத்துக்கு முன்னால் நிவேதா சித்தப்பா வீட்டுக்குப் போய்விடுவாள், அங்கேயே படித்து, சாப்பிட்டு, பிறகு சித்தப்பா சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். குத்தாலிங்கத்துக்கும் சொர்ணத்துக்கும் வாயெல்லாம் பல்.

இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. நிவேதாவின் கன்னத்தில் சதை பிடித்தது, வகுப்பில் பழையபடி பேசி அடி வாங்கினாள், செருப்புப் போடமாட்டேன் என்று இருந்தவள் சித்தி வாங்கிக் கொடுத்த செருப்பைப் போட்டுக்கொண்டாள். உலகம்மாள் சாயங்காலங்களில் தனியாக உட்கார்ந்து அவரைக் கேட்டாள். ஊரில் சத்தம் கேட்கிற வீடு கடைசியில் அவளுடையது ஒன்றுதான் மிஞ்சியது. விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவில் ஒரு நாய்கூட நிற்காது, எல்லா வீட்டிலும் கதவடைத்து, துப்பாக்கிக்குப் பக்கத்தில், நிம்மதியாக நாடகம் பார்த்தார்கள்.

ஆயுத பூஜை வந்தது. துப்பாக்கிகள் வந்தபிறகு ஊருக்கு அது முதல் ஆயுத பூஜை, ஆகவே ஒரு திருவிழாக் களை இருந்தது. அன்றைக்கு எந்த ஆயுதத்தையும் வேலைக்கு எடுக்கக்கூடாது, கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து ஓய்வாக வைத்துவிடவேண்டும் என்பது வழக்கம். வருஷத்தில் துப்பாக்கியால் யாருக்கும் ஆபத்தில்லாத ஒரே நாள் அதுதான் என்று ஹெட்மாஸ்டர்கூடச் சொல்லிக்கொண்டார். தோட்டாவை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக வீட்டில் சத்தம் கேட்கவா என்று விட்டுவிட்டார்கள்.

பொட்டு வைப்பதில் நிவேதாவுக்குத் தனிக் கிறுக்கு உண்டு. எந்த வீட்டிலும் அது பிள்ளைகளின் வேலைதான், ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் இன்னொரு கையில் குங்குமச் சிமிழுமாக அடுப்படியிலிருந்து வாசல்வரை ஒரு சாமானையும் விடாமல் வைத்துக்கொண்டே வருவார்கள். காலையில் கடையில் ஜெராக்ஸ் மெஷினுக்கு மூன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று, ஸ்டேப்ளருக்கு ஒன்று, கடைசியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கையிலிருந்த கத்தரிக்கோலுக்கு ஒன்று என்று வைத்து முடித்தாள். சாயங்காலம் சொர்ணம் ஆள் அனுப்பினாள், எங்கள் வீட்டுக்கும் மகராசி நீதான் வந்து வைக்கணும் என்று. நிவேதா புதுப் பட்டுப்பாவாடையோடு ஓடினாள். அம்மா, நீயும் பூசைக்கு வந்துரு என்று தெருமுனையிலிருந்து திரும்பிச் சொன்னாள். சத்தம் முடியட்டும் வாரேன் என்றாள் உலகம்மாள்.

விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு விழுந்தது, ஆடு கத்தியது, மூன்று விழுந்தது, தராசுத் தட்டு விழுந்தது, ஆறாவது விழுந்தது, அவர் செருப்பை விடச் சொன்னார், நாலும் விழுந்தது. உலகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பூஜைக்குக் கொண்டுபோக எடுத்துவைத்த பொரிகடலைப் பையைக் கையில் எடுத்தாள். அப்போது பதினொன்றாவது விழுந்தது.

அந்தப் பத்தையும் அவளைப்போல ஊரில் யாரும் கேட்டதில்லை. ஒவ்வொன்றின் கனமும் அவளுக்குத் தெரியும். இது அதில் சேர்ந்ததில்லை. இது அடுத்த தெருவிலிருந்து வந்தது.

பையைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். தெரு வெறிச்சென்று கிடந்தது. இரண்டு பக்கமும் வீடுகளுக்குள் விளக்கு எரிந்தது, ஊதுவத்தி மணத்தது, ஜன்னலுக்கு ஜன்னல் ஒரே நாடகம் ஓடியது, ஒருத்தர்கூட எழுந்து வெளியே பார்க்கவில்லை. அவள் கத்திக்கொண்டே ஓடினாள், வெடிச்சிது, யாருக்கும் கேக்கலயா என்று. ஒரு வீட்டில் மட்டும் கதவைப் பாதி திறந்து பார்த்துவிட்டு, பாவம் என்று சாத்திக்கொண்டார்கள்.

குத்தாலிங்கத்தின் வீட்டு முன்கூடத்தில் அவன் தரையில் உட்கார்ந்து தட்டுகளில் பொரியை அள்ளி வைத்துக்கொண்டிருந்தான். சொர்ணம் மாவிலைத் தோரணத்தின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இருவர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

"வாங்க மதினி. ஒங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்."

"நிவி எங்க?"

"உள்ள பொட்டு வச்சிக்கிட்டிருக்கா."

"வெடி சத்தம் கேட்டுது."

"அது ஒங்க வீட்டுச் சத்தம் மதினி," என்று அவன் இரக்கத்தோடு சிரித்தான். "இங்க எப்படிக் கேக்கும்? உக்காருங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க."

உலகம்மாள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். பின்னறையில் முக்காலிமேல் பட்டுத் துண்டு விரித்து, அதில் துப்பாக்கியைக் கிடத்தி வைத்திருந்தார்கள். இப்போது அது தரையில் கிடந்தது, பக்கத்தில் பிள்ளை கிடந்தாள். பெரிய சாமானாயிற்றே, எந்த இடத்தில் வைத்தால் அழகாக இருக்கும் என்று தன் பக்கமாகத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். குழாயின் வாயருகே சந்தனம் வைத்திருந்தது, அதன்மேல் குங்குமம் இன்னும் வைக்கவில்லை. சந்தனக் கிண்ணம் கவிழாமல் வைத்த இடத்திலேயே இருந்தது. உலகம்மாள் போட்ட கூச்சல் எல்லா வீட்டுக்குள்ளும் கேட்டது, துப்பாக்கி அதைத் தடுக்காது.

போலீஸ் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. துப்பாக்கியை எடுத்துப்போய் ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், துக்கம் நடந்த வீட்டைச் சத்தத்திலும் விட்டுவிட இன்ஸ்பெக்டருக்கு மனசு வரவில்லை. ஆனால் பிள்ளையை அடக்கம் செய்த மறுநாளே ஊருக்கு வேறொன்று தெரிந்துவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில், துப்பாக்கி உள்ள வீடுகளில், பழைய பத்தும் கேட்கவில்லை, பதினொன்றாவது கேட்டது. ஒரே ஒரு வெடி, அதற்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை ஏதோ கேட்கிற குரல். அது என்ன கேட்கிறது என்பதை ஊரில் ஒருவரும் இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. தோட்டாவை மாற்றிப் பார்த்தார்கள், துப்பாக்கியைத் தலைமாட்டில் வைத்துப் பார்த்தார்கள், அடங்கவில்லை. அப்புறம் தோட்டாக்கடைக்காரர் தன் வீட்டில் இரண்டு துப்பாக்கி இருக்கிறது, தனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்று சொன்னார்.

யாரும் துப்பாக்கியைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கவில்லை. அப்படி ஒன்று செய்யலாம் என்று ஒருவருக்கும் தோன்றவும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்து, முடிந்த மறுநாள் ஆவுடை ஜெராக்ஸ் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேறு ஜெராக்ஸ் கடை இல்லை. இரண்டாவது உரிமத்துக்குக் காரணம், காட்டுப்பன்றிகள் பெருகிவிட்டன. வரிசையில் ஹெட்மாஸ்டர் நின்றார், இன்சூரன்ஸ் ஏஜெண்ட் நின்றார், சாம்பார்க் கதை சொன்ன பல் டாக்டர் நின்றார். எல்லோருக்கும் முன்னால் குத்தாலிங்கம் நின்றான், அவனுக்கு வழிவிட்டிருந்தார்கள். சவரம் செய்யாத முகம், சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தான்.

உலகம்மாள் அவன் தாளை வாங்கினாள். அவளுக்கு அப்போது ஓர் எண்ணம் வந்தது. கடைக்குள் துப்பாக்கி கிடையாது, இங்கே எல்லாமே கேட்கும், அண்ணன் குரலை இவன் முழுசாகக் கேட்டு எத்தனையோ மாதமாயிற்று. அதையும் பிள்ளை குரலையும் சேர்த்து ஒருதடவை கேட்டானென்றால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போவான், இவன் போனால் பின்னால் நிற்கிறவர்களும் போவார்கள். பிள்ளை செத்ததற்கு அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை, அந்த ஒன்று மட்டும் வேண்டியிருந்தது. ஆகவே மெஷின் சூடாகவில்லை என்றாள், தாள் சிக்கிக்கொண்டது என்றாள், போட்டோ சரியில்லை, வேறு ஒட்டவேண்டும் என்றாள். வெயில் தாழ்ந்தது. வரிசையில் நின்றவர்கள் வானத்தையும் வீட்டுப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள், இடம் போய்விடும் என்று ஒருவரும் நகரவில்லை. குத்தாலிங்கம் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

சத்தம் வந்தது. இரண்டு, ஆடு, மூன்று, தராசுத் தட்டு, ஆறு. "செருப்ப விடுட்டி, ஓடு" என்றார் ஆவுடையப்பன். குத்தாலிங்கம் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மிச்சம் நாலும் விழுந்து தீர்ந்தது. முன்பெல்லாம் அதோடு முடிகிற இடத்தில், பட்டுப்பாவாடை சரசரக்க, நல்ல சந்தோஷமான குரலில் நிவேதா கேட்டாள்.

"சித்தப்பா, இதுக்கு எங்க பொட்டு வைக்கணும்?"

பதினொன்றாவதும் விழுந்தது.

வரிசையில் பல் டாக்டர் உட்கார்ந்துவிட்டார். ஹெட்மாஸ்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். குத்தாலிங்கம் வாயைத் திறந்தபடி நின்றான், கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக இறங்கியது, அதை அவன் துடைக்கவில்லை. உலகம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, தாளை அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் நீட்டிக்கொண்டு நின்றாள், கிழிக்கட்டும் என்று. அவன் கை தாளை வாங்கவில்லை. அதைத் திரும்ப அவள் பக்கமே மெல்லத் தள்ளியது.

"இன்னொரு தடவ இத என்னால கேக்க முடியாது மதினி," என்றான். "சீக்கிரம் அடிச்சுத் தாங்க."

உலகம்மாள் தாளை மேஜைமேல் வைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

"காரணம் என்ன போட?"

அவன் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான், உதடு இரண்டுமுறை ஏதோ சொல்லப்போய் மூடிக்கொண்டது.

"பன்னின்னே போடுங்க."

அவள் போட்டாள். அச்சடித்த தாளை எடுத்து மெஷினில் வைத்து மூடினாள், பிள்ளை வைத்த சந்தனப் பொட்டு மூன்றும் மூடியின்மேல் காய்ந்துபோய் இருந்தன. பொத்தானை அழுத்தியதும் உள்ளே வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போனது. வெளியே நின்றவர்கள் ஓரடி முன்னால் நகர்ந்தார்கள்.